காடு எரிந்த கதை



மாசி மாதக் கடைசியிலே ஒரு நாள் ஆலத்தியூர்ப் பக்கம் போயிருந்தேன். மக்காச்சோளம் ஒடித்து முடித்த ஒரு கொல்லையிலே, வயதான ஒருவர் வரப்போரத்துக் காய்ந்த புல்லுக்குத் தீ வைத்துக்கொண்டிருந்தார். கொல்லைக்குத் தெற்கே ஒரு முந்திரிக் காடு. நல்ல வேளையாகக் காற்று வடக்குப் பார்த்து வீசிக்கொண்டிருந்தது. "ஐயா, இந்த வெயிலிலே தீ வைக்கிறீர்களே, முந்திரியிலே பாய்ந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

"தம்பி, எங்க தாத்தா பச்சைமலை அடிவாரத்துலேருந்து வந்தவரு. அந்தக் காலத்துல வருஷம் தவறாம மலையைக் கொளுத்துவாங்களாம். மழை பேஞ்சா புல்லு தளதளன்னு வந்துரும். காடும் நல்லாத்தான் இருந்துச்சு. கொளுத்தக் கூடாதுன்னு சர்க்கார் சட்டம் போட்டாங்க. அப்புறம் பாருங்க, காடும் போச்சு, புல்லும் போச்சு. நீங்க படிச்சவங்க. யாரு செஞ்சது சரின்னு நீங்களே சொல்லுங்க."

எனக்கு உடனே பதில் வரவில்லை. "கொளுத்தாதீர்கள்" என்று சொல்லிப் பழகின வாய்; "ஏன்" என்று எதிர்க்கேள்வி வந்ததும் மென்று முழுங்கினேன். அவர் கேட்டது சாதாரணக் கேள்வி இல்லை. இதே கேள்வியை வைத்துக்கொண்டு நூற்றைம்பது வருஷமாக வன அதிகாரிகளே தங்களுக்குள்ளே வாதாடியிருக்கிறார்கள். அந்தப் பெரியவருக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் இன்றைக்கு உங்களிடம் சொல்லப் போகிறேன். கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வரவேண்டியிருக்கிறது. பொறுமையாகக் கேளுங்கள்.

நெருப்புக்கு மனிதனைவிட வயது அதிகம்

பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரிலே இருக்கும் கல்மரத்தை உங்களிலே பலபேர் பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய 12 கோடி ஆண்டுகளுக்கு முன்னாலே வளர்ந்த மரம், நம்ம பக்கமெல்லாம் கடலாக இருந்த காலத்திலே மண்ணிலே புதைந்து கல்லாகிப் போச்சு. அதைப் போலவே கரியும் கல்லோடு கல்லாகப் புதைந்து கிடைக்கிறது. தரையிலே செடிகொடி முளைக்க ஆரம்பித்த காலத்திலிருந்தே, அதாவது 40 கோடி ஆண்டுகளுக்கு முன்பே, அவை எரிந்தும் இருக்கின்றன என்பதற்கு அந்தக் கரிதான் சாட்சி. அப்போது மனிதனும் இல்லை, தீப்பெட்டியும் இல்லை. இடி விழுந்து பற்றிய தீ.

ஆகவே நெருப்போடு வாழச் சில மரங்கள் என்றைக்கோ பழகிக்கொண்டுவிட்டன. தேக்கு, வேங்கை போன்ற மரங்களின் பட்டையைப் பாருங்கள். தடித்து, வெடித்து, மேல்சட்டை போட்டது போல இருக்கும். கீழே சருகு எரிந்து போனாலும் உள்ளே இருக்கிற உயிர்ச்சாறு ஓடும் பகுதிக்குச் சூடு சுலபத்தில் எட்டாது. இளங்கன்று கருகிப் போனாலும் வேர்க்கட்டையிலிருந்து மறுபடியும் தளிர் விடும். ஆனால் மலை உச்சிப் பள்ளங்களிலே எப்போதும் ஈரமாக இருக்கிற சோலைக்காட்டு மரங்களுக்கு இந்தப் பாதுகாப்புக் கிடையாது. பட்டை மெல்லிசு. ஒரு தடவை நன்றாகத் தீ உள்ளே புகுந்தால் அந்த இடத்திலே புல் வருமே தவிர, சோலை அத்தனை சீக்கிரம் திரும்பாது. ஒரு காட்டுக்குப் பழகின சங்கதி இன்னொரு காட்டுக்கு எமன். இதை மனசிலே வைத்துக்கொள்ளுங்கள். பின்னாலே வரும் குழப்பமெல்லாம் இதை மறந்ததாலே வந்ததுதான்.

மனிதன் வந்த பிறகு நெருப்பு அவன் கைக்கு வந்தது. பாரதக் கூத்திலே காண்டவ வனத்தை அர்ச்சுனன் அக்கினிக்கு இரையாகக் கொடுத்த கதையை விடிய விடியப் பார்த்திருக்கிறோம். அது எரிந்த பிறகு அந்த இடத்திலே நகரம் எழும்பிற்று என்பது கதை. காட்டை எரித்தால் நாடு பிறக்கும் என்கிற எண்ணம் எத்தனை பழசு என்பதற்காகச் சொல்கிறேன். நம்ம மலைநாட்டிலே அது இத்தனை ஆர்ப்பாட்டமில்லாமல் நடந்தது. வள்ளி காவல் காத்த தினைப்புனம் இருக்கிறதே, அந்தப் புனம் எப்படி உண்டாகிறது? மரஞ்செடியை வெட்டிக் காயப் போட்டு, கோடை மழைக்கு முன்னாலே தீ வைத்து, அந்தச் சாம்பலிலே தினை, சாமை, கேழ்வரகு, துவரை விதைப்பார்கள். ஏரும் மாடும் வேண்டாம். இரண்டு மூன்று போகம் எடுத்தபின் அந்த இடத்தை விட்டுவிட்டு அடுத்த சரிவுக்குப் போய்விடுவார்கள். விட்ட இடம் பல வருஷம் சும்மா கிடந்து மறுபடியும் காடாகும்.

இதிலே விஞ்ஞானம் இருக்கிறது. மரத்திலே அடைபட்டுக் கிடந்த சாம்பல்சத்தும் சுண்ணாம்புச் சத்தும் ஒரே நாளிலே மண்ணுக்கு வந்துவிடுகின்றன. புளிப்பு மண்ணாக இருந்தால் அந்தப் புளிப்பு குறைகிறது. களை விதையும் பூச்சிமுட்டையும் பொசுங்கிப் போகின்றன. ஆனால் தழைச்சத்து? அது புகையோடு ஆகாயத்துக்குப் போச்சு. அதைத் திரும்பச் சேர்க்கத்தான் அந்த நிலத்துக்கு அத்தனை வருஷ ஓய்வு தேவைப்பட்டது. ஜனம் கொஞ்சமாக இருந்து, மலை பெரிசாக இருந்தவரைக்கும் கணக்கு சரியாக வந்தது.

வெள்ளைக்காரன் போட்ட வேலி

1856ஆம் வருஷம் இரண்டு காரியம் நடந்தது. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரைக்கும் தெற்கே முதல் ரயில் ஓடியது. அதே வருஷம் மதராஸ் மாகாணத்துக்கு ஹ்யூ கிளெக்ஹார்ன் என்கிற வைத்தியர் வனப் பாதுகாவலராக நியமனமானார். வைத்தியருக்கும் காட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். அந்தக் காலத்திலே மூலிகை படித்தவர்கள்தான் மரம் செடியைப் பற்றித் தெரிந்தவர்கள். அவர் கண்ணுக்குப் பெரிய எதிரியாகத் தெரிந்தது இந்தப் புனக்காடுதான். மேற்குக் கரையிலே இதைக் குமரி என்பார்கள். இரண்டு போகம் தினைக்காக விலைமதிப்பற்ற மரத்தை எரிக்கிறார்களே என்று அவர் எழுதி எழுதிச் சர்க்காரை நெருக்கினார். இடத்துக்கு இடம் குமரிக்குத் தடை வந்தது.

அவர் சொன்னதிலே நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதே காலத்திலே ரயில் தண்டவாளத்துக்கு அடியிலே போடும் கட்டைக்கும், எஞ்சின் எரிக்கிற விறகுக்குமாகச் சமவெளிக் காடும் மலைக்காடும் வண்டி வண்டியாகப் போய்க்கொண்டிருந்தன. நம்ம தென்னாட்டு எஞ்சின்கள் வெகுகாலம் விறகிலேதான் ஓடின. மலைமேல் எரிகிற தீ இருபது மைலுக்குத் தெரிகிறது. கோடாரி வெட்டினது அப்படித் தெரிவதில்லை. பழி எங்கே விழுந்தது என்று நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள்.

1864இலே டீட்ரிச் பிராண்டிஸ் என்கிற ஜெர்மானியர் இந்தியா முழுவதற்கும் முதல் வனத் தலைமை அதிகாரியானார். 1878இலே இந்திய வனச் சட்டமும், 1882இலே மதராஸ் வனச் சட்டமும் வந்தன. இந்த 1882 சட்டம்தான் தமிழ்நாடு வனச் சட்டம் என்ற பெயரிலே இன்றைக்கும் நடப்பிலே இருக்கிறது. ரிசர்வ் காட்டுக்குள்ளே தீ வைப்பது குற்றம் என்று எழுதியாகிவிட்டது. இந்திய வனச் சட்டத்திலே இன்னும் ஒரு விதி உண்டு. ஒரு ரிசர்வ் காட்டிலே வேண்டுமென்றோ, பெரும் அஜாக்கிரதையினாலோ தீ உண்டானால், அந்தக் காட்டிலே மேய்ச்சல் உரிமையையே சர்க்கார் நிறுத்தி வைக்கலாம். அதாவது ஒருத்தன் வைத்த தீக்கு ஊர் மாடு பூராவும் பட்டினி கிடக்கலாம். 1927ஆம் வருஷச் சட்டத்திலும் இது அப்படியே தொடர்ந்தது.

மத்தியப் பிரதேசத்திலே, சாத்பூரா மலையிலே, போரி என்று ஒரு காடு. 1860களிலே பியர்சன் என்கிற வன அதிகாரி அங்கே தீயை முழுவதும் தடுத்துக் காட்டினார். அதற்கு முன்னாலே, வருஷா வருஷம் எரிகிற இந்தியக் காட்டிலே தீயைத் தடுக்கவே முடியாது என்றுதான் அதிகாரிகளே நினைத்திருந்தார்கள். போரியிலே முடிந்தது என்றதும் நாடு பூராவும் தீத்தடுப்புக் கோடு வெட்டுவதும், கோடைக்காவல் ஆள் போடுவதும் வேகமாகப் பரவின. தீ இல்லாத காடே நல்ல காடு என்பது வேதவாக்கு மாதிரி ஆகிவிட்டது.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. பர்மாவிலே தேக்குக் காடுகளைப் பல வருஷம் தீ படாமல் காத்தார்கள். பார்த்தால், ஈரமான இடங்களிலே மூங்கிலும் புதரும் மண்டிப் போய்த் தேக்குக் கன்றையே காணோம்! தேக்கு விதைக்கு வெளிச்சமும் வெற்றுத் தரையும் வேண்டும். அவற்றைக் கொடுத்துக்கொண்டிருந்ததே வருஷா வருஷம் வந்த அந்தச் சின்னத் தீதான். 1896இலே ஸ்லேட் என்கிற வன அதிகாரி, பர்மாவிலே தீத்தடுப்பு அளவு மீறிப் போய்விட்டது என்று துணிந்து எழுதினார். மேலதிகாரிகளுக்குக் கோபம் வந்தது. ஆனால் பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்குள்ளே ஈரத் தேக்குக் காடுகளிலே தீத்தடுப்பைக் கைவிட வேண்டியதாயிற்று. வங்காளம், அசாம் பக்கத்துச் சால் காடுகளிலும் ஏறக்குறைய இதே கதை. கன்று வரவில்லை என்று அதிகாரிகளே அளவாகத் தீ வைக்க ஆரம்பித்தார்கள்.

பர்மாவைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். 1850களிலேயே பிராண்டிஸ் அங்கே கரென் மலைவாசிகளோடு ஓர் ஏற்பாடு செய்தார். புனத்தை எரித்து நெல் விதைக்கும்போதே ஊடே தேக்கு நடவேண்டும்; அவர்கள் இடம் மாறிப் போகும்போது பின்னாலே தேக்குத் தோப்பு நிற்கும். அதற்குத் தௌங்யா என்று பெயர். உலகமெல்லாம் பரவின முறை. நம்ம ஊர் வனத்துறையும் பயிரோடு மரக்கன்று வைக்கும் முறையைக் கையாண்டது. அதற்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? குமரி! கிளெக்ஹார்ன் எதைத் தடுக்கப் பாடுபட்டாரோ, அதே பெயர்.

குமாவுன் மலையிலே நடந்தது இன்னும் காரமான சங்கதி. இப்போதைய உத்தராகண்டிலே இருக்கிறது. அங்கே சீர் பைன் என்கிற பிசின் மரக்காட்டைச் சர்க்கார் ரிசர்வ் ஆக்கி, பிசின் வடித்து விற்றது. பைன் சருகு தரையை மூடினால் புல் வராது என்பதற்காக ஜனங்கள் கோடையிலே அதை எரிப்பது வழக்கம். அதைத் தடுத்ததும், கூலியில்லா வேலைக்கு ஆள் பிடித்ததும் சேர்ந்து, 1921 கோடையிலே மலை மலையாகப் பற்றி எரிந்தது. ஜனங்களே வைத்த தீ. இதை ஆராய்ந்து எழுதிய வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குஹா ஒரு விஷயம் கவனித்தார்: எரிந்தது சர்க்காருக்கு வரும்படி தரும் பைன் காடு, தழைக்கும் தீவனத்துக்கும் தங்களுக்கு உதவுகிற அகன்ற இலைக் காடுகளுக்குத் தீ போகவில்லை. கண்ணை மூடிக்கொண்டு வைத்த தீ இல்லை, பார்த்தீர்களா! சர்க்கார் குறைகேட்க ஒரு குழு போட்டது. 1931இலே அங்கே வனப் பஞ்சாயத்துகள் ஏற்பட்டன. கிராமமே காட்டை நிர்வகிக்கிற அந்த ஏற்பாடு இன்றைக்கும் இருக்கிறது.

அமெரிக்காவிலும் இதே பாடம். 1910 ஆகஸ்டு 20, 21 தேதிகளிலே, இரண்டே நாளிலே, ஏறக்குறைய 30 லட்சம் ஏக்கர் காடு எரிந்தது. எண்பதுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். பெரும்பாலும் தீயணைக்கப் போனவர்கள். எட் புலாஸ்கி என்கிற ரேஞ்சர் தன் ஆட்களைப் பழைய சுரங்கம் ஒன்றுக்குள்ளே தள்ளி, வெளியே ஓடாமல் மறித்து, ஏறக்குறைய நாற்பது பேரைக் காப்பாற்றினார். ஒரு பக்கம் கோடாரி, மறுபக்கம் களைக்கொத்து மாதிரி உள்ள ஒரு கருவிக்கு அங்கே அவர் பெயர்தான். அந்தத் தீ கொடுத்த பயத்திலே அமெரிக்கர்கள் எந்தத் தீயானாலும் உடனே அணைத்தே தீருவது என்று அறுபது வருஷம் முனைந்தார்கள். சருகும் புதரும் சேர்ந்து சேர்ந்து, பிறகு பற்றினபோது அணைக்க முடியாத தீயாகப் பற்றியது. 1970களிலேதான் கொள்கையை மாற்றிக்கொண்டார்கள்.

எல்லாத் தீயும் ஒரே தீ இல்லை

இவ்வளவு தூரம் வந்துவிட்டோம். இனித் தீயின் வகையைச் சொன்னால்தான் மேலே புரியும்.

நம்ம நாட்டுக் காட்டிலே வருவது பெரும்பாலும் தரைத் தீ. சருகு, புல், சின்னப் புதர் எரியும். பெரிய மரத்தின் அடிப்பாகம் கருகும், அவ்வளவுதான். வேகம் மட்டும் காற்றையும் சரிவையும் பொறுத்தது. நம்ம கொல்லையிலே தீ எப்படிப் போகும் என்பது உங்களுக்குத் தெரியும். மலையிலே அப்படி இல்லை. தீயின் சூடு மேல்நோக்கிப் போவதாலே, மேலே இருக்கிற புல்லை முன்கூட்டியே காய வைத்துவிடும். சரிவு 10 டிகிரி கூடினால் தீயின் ஓட்டம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். மனிதன் மேட்டிலே ஏறும்போது மெதுவாகிறான். தீ அங்கேதான் வேகமாகிறது.

இரண்டாவது உச்சித் தீ. கார்த்திகைக்குச் சொக்கப்பனை கொளுத்துகிறோமே, கீழே வைத்த நெருப்பு ஓலையைப் பிடித்துக்கொண்டு நுனிக்கு ஏறுகிறதல்லவா? அதேபோலப் புதரும் கொடியும் ஏணியாக நின்றால் தரைத் தீ மரத்தின் தலைக்கு ஏறும். பிறகு மரத்துக்கு மரம் தலையிலேயே தாவும். பைன் காட்டிலும், ஆஸ்திரேலியாவின் தைலமரக் காட்டிலும் இது அதிகம். 2019-20 கோடையிலே ஆஸ்திரேலியாவிலே எரிந்தது ஒரு கோடி ஹெக்டேருக்கு மேலே. தைலமர இலையிலே எண்ணெய் இருக்கிறது. உரிந்து தொங்கும் பட்டை கொள்ளிக்கட்டையாகப் பறந்து போய்த் தூரத்திலே விழுந்து புதுசாகப் பற்ற வைக்கும்.

மூன்றாவது நிலத்தடித் தீ. இதை உங்களுக்கு விளக்கவே வேண்டாம். வேலிகாத்தான் கட்டையை அடுக்கி மண் மூடிக் கரிமூட்டம் போடுகிறோமே, உள்ளே நாள் கணக்கிலே கனிந்துகொண்டிருக்கும், மேலே புகை மட்டும் தெரியும். சதுப்பு நிலத்திலே ஆயிரக்கணக்கான வருஷமாக மக்காமல் தேங்கின தாவரப் பொருளிலே தீ பிடித்தால் இப்படித்தான். இந்தோனேசியாவிலே, 1990களின் நடுவிலே, நெல் விளைவிப்பதற்காகக் காளிமந்தானிலே 10 லட்சம் ஹெக்டேர் சதுப்புக் காட்டைச் சீர்திருத்தத் திட்டம் போட்டுப் பெரிய பெரிய வாய்க்கால் வெட்டி நீரை வடித்தார்கள். நெல் விளையவில்லை, அந்த மண் நெல்லுக்கு ஆகாது. 1997இலே மழை பொய்த்தது. காய்ந்து கிடந்த மண்ணே எரிந்தது. அந்தப் புகை மலேசியாவையும் சிங்கப்பூரையும் மாதக்கணக்கிலே மூடியது. நம்ம உறவுக்காரர்கள் அங்கே இருந்தவர்கள் பகலிலே விளக்கு போட்டதைச் சொல்வார்கள். விவசாயத் திட்டம் போடுகிறவர்கள் மண்ணைப் பார்க்காமல் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு, என் உத்தியோகத்திலே இருக்கிறவர்களெல்லாம் நினைவிலே வைக்க வேண்டிய சம்பவம் அது.

தீ போன பிறகு என்ன ஆகிறது? சருகு மூட்டம் போய்த் தரை வெறும் தரையாகிறது. கடும் சூடு பட்ட மண்ணிலே சில சமயம் மெழுகு மாதிரி ஒரு படலம் உண்டாகித் தண்ணீரை உள்ளே விடாது. முதல் கோடை மழை அடித்தவுடனே சாம்பலும் மேல்மண்ணும் சேர்ந்து ஓடையிலே இறங்குகிறது. சாம்பலிலே இருந்த சத்து காட்டுக்கும் இல்லை, நமக்கும் இல்லை. ஏரியிலே வண்டலாகப் படிகிறது. தரையிலே முட்டையிடும் பறவை, ஆமை, பாம்பு, அரணை, மண்ணுக்குள்ளே இருக்கும் எண்ணிலாத சிற்றுயிர்கள் எல்லாம் தப்ப முடியாது. பத்து வருஷத்துக்கு ஒரு தடவை எரிந்தால் கன்று வளர்ந்து தலை தூக்கிவிடும். ஒவ்வொரு வருஷமும் எரிந்தால், முதிர்ந்த மரம் மட்டும் நிற்கும். அதற்குப் பின்னாலே வர வேண்டிய வாரிசு இருக்காது. பார்க்கக் காடு மாதிரி இருக்கும். உண்மையிலே அது பிள்ளையில்லாத வீடு.

இப்போது சோலிகர்களின் கதைக்கு வருகிறேன். சத்தியமங்கலத்துக்கு வடக்கே, கர்நாடகத்து பிலிகிரிரங்கன் மலையிலே இருக்கிற பழங்குடிகள். கோடை முற்றுவதற்கு முன்னாலேயே, சருகு முழுக்கக் காயாத நேரத்திலே, சின்னத் தீ வைப்பார்கள். தரகு பெங்கி என்று பெயர். சருகுத் தீ என்று அர்த்தம். 1974இலே அந்த மலை சரணாலயமானது. புனமும் நின்றது, தீயும் நின்றது. அதற்குப் பின்னாலே உண்ணிச்செடி காடு பூராவும் மண்டிற்று என்கிறார்கள் அவர்கள். இந்த உண்ணிச்செடி 1800களின் தொடக்கத்திலே கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்குப் பூவுக்காகக் கொண்டுவந்த வெளிநாட்டுச் செடி. நெல்லி மரத்திலே புல்லுருவி பெருகினதும் தீ நின்றதாலேதான் என்று சொல்கிறார்கள். அங்கே ஆராய்ச்சி செய்தவர்கள் உண்ணிச்செடி பெருகினதை அளந்து பார்த்து உறுதி செய்தார்கள். காரணத்திலேதான் விஞ்ஞானிகளுக்குள்ளே இரண்டு கட்சி. பெரிய தீ வந்து இடம் வெறுமையானால் முதலிலே வந்து பிடித்துக்கொள்வதும் அதே உண்ணிச்செடிதான் என்கிறது மறுகட்சி. எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். செடி மண்டுவதற்கு முன்னாலே சோலிகர் வைத்த தீ மருந்து. மண்டினதற்குப் பிறகு அதே இடத்திலே வைக்கும் தீ விஷம். ஏனென்றால் இப்போது ஏணி நிற்கிறது.

குரங்கணி

2018 மார்ச் 11. தேனி மாவட்டம், போடிநாயக்கனூருக்கு மேலே குரங்கணி. மலையேற்றத்துக்குப் போன இரண்டு கூட்டத்தார், பெரும்பாலும் இளம் வயதினர், பெண்கள் நிறையப்பேர், கொழுக்குமலைப் பக்கத்திலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். காய்ந்த உயரமான புல் சரிவு. கீழேயிருந்து தீ ஏறி வந்தது. நான் முன்னே சொன்ன தரைத் தீதான். மரத்தின் உச்சிக்குக்கூட ஏறாத, வெறும் புல் தீ. மலைமேலே ஓடினவர்களைத் தீ முந்திக்கொண்டது. விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன. அக்கம்பக்கத்து ஜனங்கள் துணியிலே தொட்டில் கட்டித் தூக்கி வந்தார்கள். அன்றைக்கும், பிறகு ஆஸ்பத்திரியிலுமாக, இருபதுக்கு மேற்பட்டவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். தொலைக்காட்சியிலே அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் மனைவி, "புல்லு எரிஞ்சா இத்தனை பேரா சாவாங்க?" என்று கேட்டாள். நான் விவசாயப் படிப்பு படித்தவன். அன்றைக்கு வரை எனக்கும் அது மனசிலே உறைத்ததில்லை.

அதற்கு அடுத்த வருஷம், 2019 பிப்ரவரியிலே, பந்திப்பூர் காடு பல ஆயிரம் ஏக்கர் எரிந்தது. இப்போது வானத்திலே சுற்றுகிற செயற்கைக்கோள் எங்கே சூடு என்று பார்த்துச் சொல்கிறது. இந்திய வன ஆய்வு நிறுவனம் அதைக் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தியாக அனுப்புகிறது. நாட்டின் காட்டிலே நூற்றுக்கு 36 பங்கு அடிக்கடி தீப்பிடிக்கக் கூடியது என்று அந்த நிறுவனமே 2019 அறிக்கையிலே சொல்லியிருக்கிறது. மூங்கில் உரசித்தான் பற்றுகிறது என்று ஊரிலே சொல்வோம். ஆனால் இங்கே வருகிற தீயிலே மிகப் பெரும்பாலானது மனிதன் கையிலிருந்துதான் கிளம்புகிறது. அதிலும் எத்தனையோ, பக்கத்துக் கொல்லையிலிருந்து.

நம்ம ஊருக்கு வருவோம். "ஆலத்தியூரிலே ஏது காடு?" என்று கேட்காதீர்கள். நாம் சோளக்காடு, முந்திரிக்காடு, தைலமரக்காடு என்று எல்லாவற்றையுமே காடு என்றுதான் சொல்கிறோம். செந்துறை, ஜெயங்கொண்டம் பக்கமெல்லாம் முந்திரியும் தைலமரமும் அடுத்தடுத்து நிற்கின்றன. முந்திரியின் அடியிலே இரண்டு வருஷச் சருகு. தைலமர இலையிலே எண்ணெய். நடுவிலே தட்டை காய்ந்த மக்காச்சோளக் கொல்லை. பெரியவரின் தாத்தா காலத்துப் பச்சைமலையிலே இப்படி அடுக்கி வைத்திருக்கவில்லை. அன்றைக்குத் தீ புல்லை எரித்துவிட்டு அணைந்தது. இன்றைக்கு அதே தீ புல்லிலே தொடங்கித் தைலமரத்திலே முடியும்.

ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதிலே, கட்டைக்கரும்புக்குச் சோகையை எரித்துவிடுங்கள், பூச்சி போகும் என்று நானே சொன்னதுண்டு. அப்படிச் சொன்ன ஓர் ஊரிலே, பங்குனி நடுப்பகலிலே ஒருவர் சோகைக்குத் தீ வைத்தார். காற்று திரும்பியது. வரப்புத் தாண்டி அவருடைய பங்காளி வீட்டு முந்திரியிலே ஏறி, காய் பிடித்திருந்த பதினெட்டு மரம் கருகிப் போச்சு. இரண்டு வீட்டாருக்கும் பேச்சுவார்த்தை நின்றது. ஒரு கல்யாணத்துக்குக்கூட ஒருவரையொருவர் அழைக்கவில்லை. தீ வைத்தவரை ஊரே திட்டியது. வைக்கச் சொன்னவனை யாரும் திட்டவில்லை. எரிக்காமல் சோகையை வரிசைக்கு நடுவிலே பரப்பினால் ஈரமும் நிற்கும், களையும் அடங்கும், மக்கி உரமுமாகும் என்பதைப் பிறகுதான் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒரு டன் வைக்கோலை எரித்தால் ஐந்தரைக் கிலோ தழைச்சத்து போகிறது என்பது கணக்கு. பதினெட்டு முந்திரி மரம் அந்தக் கணக்கிலே சேராது.

ஆகவே ஆலத்தியூர்ப் பெரியவருக்கு என் பதில் இது. ஐயா, உங்கள் தாத்தா செய்தது தப்பில்லை. காலமும் இடமும் தெரிந்து, பரந்த மலையிலே, பல வருஷ ஓய்வோடு வைத்த தீ அது. சட்டம் போட்டவர்கள் எல்லாத் தீயையும் ஒன்றாகப் பாவித்ததிலே தப்பு இருந்தது. அதை அவர்களே பர்மாவிலே ஒப்புக்கொண்டார்கள். ஆனால் உங்கள் தாத்தா வைத்த தீயை, உங்கள் கொல்லையிலே, மாசி வெயிலிலே, முந்திரிக்குப் பக்கத்திலே வைக்க முடியாது. அந்த மலை இங்கே இல்லை.

வரப்புப் புல்லை அறுத்து மாட்டுக்குப் போடுங்கள், அல்லது குழியிலே போட்டு மக்க விடுங்கள். மக்காச்சோளத் தட்டையைப் பொடியாக்கும் ரோட்டவேட்டர் வாடகைக்குக் கிடைக்கிறது, உழவரை விசாரியுங்கள். முந்திரிக்காடோ தைலமரமோ வைத்திருப்பவர்கள் தை மாதத்துக்குள்ளே ஓரத்திலே பத்தடி அகலத்துக்குச் சருகும் புல்லும் இல்லாமல் மண் தெரியச் செதுக்கி விடுங்கள். வனத்துறை வெட்டும் தீத்தடுப்புக் கோடும் இதேதான், அகலம் மட்டும் கூடுதல். உங்கள் கொல்லை ரிசர்வ் காட்டை ஒட்டியிருந்தால் எந்தக் காரணத்துக்காகவும் தீ மூட்டாதீர்கள். எங்காவது பற்றிக்கொண்டால் பச்சைத் தழையாலே ஓரத்திலிருந்து அடித்து அணையுங்கள். தீக்கு எதிரே, மேட்டுப் பக்கம் மட்டும் நிற்காதீர்கள். எரிந்து கருகின பக்கம்தான் நிற்கப் பத்திரமான இடம். தீயணைப்பு நிலையத்துக்கு 101.

அந்தப் பதினெட்டு மரம் போன இடத்திலே இப்போது ஒட்டு முந்திரி வைத்திருக்கிறார்கள். மூன்று வருஷத்துக்கு முன்னாலே ஒரு தை மாதம், பொங்கல் கழிந்த வாரத்திலே, இரண்டு வீட்டிலிருந்தும் ஆளுக்கு ஒருவர் மண்வெட்டியோடு வந்து வரப்பின் இரண்டு பக்கமும் செதுக்கினார்கள். பேசிக்கொள்ளவில்லை. போன தையிலே நான் போனபோது, ஒரு வீட்டார் கொண்டுவந்த நீராகாரத்தை மற்ற வீட்டுக்காரர் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தார்.